‘ஆவியின் கனி’ என்றால் என்ன? நல்ல குணம் நமக்குள் எப்படி வளர்கிறது?

கடவுளின் ஆவி ஒரு விசுவாசிக்குள் விளைவிக்கும் குணத்துக்கு அப்போஸ்தலன் பவுல் வைத்த பெயர் இது. வேதாகமத்தில் அவர் எழுதிய நிருபமான கலாத்தியர் 5:22, 23இல் அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என்று ஒன்பதைச் சொல்கிறார். ஆனால் ‘கனி’ என்ற சொல் கிரேக்க மூலத்திலும் ஒருமைதான். ‘எனக்கு அன்பு உண்டு, பொறுமைதான் கிடையாது’ என்று பங்கு பிரிக்க இடமில்லை.

அதற்குச் சற்று முன்பு கோபத்தையும் பொறாமையையும் ‘மாம்சத்தின் கிரியைகள்’, அதாவது பாவ இயல்பின் செயல்கள், என்கிறார். கிரியை நாம் செய்வது. கனி உள்ளிருக்கும் உயிரால் விளைவது. நற்குணங்களைக் ‘கனி’ என்று அவர் சொல்வதன் காரணம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பாலுக்கு உறை ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள். பாலைத் தயிராக்குவது உறைமோர். காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறவைத்து, ஆட்டாமல் வைப்பது மட்டும் நம் வேலை. ஜெபமும் வேதவாசிப்பும் அந்த வேலையைப் போன்றவை. (அடிக்கடி மூடியைத் திறந்து ‘நான் திருந்திவிட்டேனா’ என்று பார்ப்பவர்களும் உண்டு!)

நீடிய பொறுமைக்கான கிரேக்கச் சொல்லின் பொருள், கோபம் வர நெடுநேரம் எடுப்பது. இது ஆலயத்தில் அவ்வளவாகச் சோதிக்கப்படுவதில்லை. காது மந்தமான தாத்தா அதே கேள்வியை நான்காம் முறை கேட்கும்போதுதான் தெரியவரும்.

கனி தானாக வரும், நாம் சும்மா இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இதே இச்சையடக்கத்தை ‘அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்’ கூட்டி வளர்க்கும்படி 2 பேதுரு முதல் அதிகாரம் சொல்கிறது.