இரும்புக்குளிசையை நிறுத்தட்டுமா?

கேள்வி: எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறைதான் மலம் போகிறது, அதுவும் இறுகி, கறுப்பாக. இரவில் நெஞ்செரிவு வேறு. கிளினிக்கில் தந்த இரும்புக்குளிசை சூடு, அதை நிறுத்திவிட்டு ஆமணக்கெண்ணெய் குடி என்கிறார் மாமி. என்ன செய்யட்டும்?
– வாசகி, கோப்பாய்

பதில்: மாமியோடு சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் இரண்டையும் செய்யாதீர்கள் தங்கச்சி. ஆமணக்கெண்ணெய் பேதியோடு நிற்காது, கருப்பைச் சுருக்கத்தையும் தூண்டக்கூடும். இரும்புக்குளிசையால் மலம் இறுகுவது உண்மைதான், உறிஞ்சப்படாமல் மிஞ்சும் இரும்புதான் அந்தக் கறுப்பு. தார் போல ஒட்டினால் மட்டும் டொக்டரிடம் காட்டுங்கள். ஆனால் பழி முழுவதையும் குளிசை மேல் போட முடியாது. கர்ப்பத்தில் கூடும் புரோஜெஸ்தரோன் ஹோர்மோன் கருப்பைத் தசையைத் தளர்த்தி வைக்கிறது, கூடவே குடலையும் தளர்த்திவிடுகிறது, அதனால் சாப்பாடு உள்ளே நெடுநேரம் கிடக்க, பெருங்குடல் அதிலுள்ள தண்ணீரை எல்லாம் உறிஞ்சி மிச்சத்தைக் கல்லாக்கிவிடும். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசையும் இப்படித்தான் இறுக்கம் விடுகிறது, அமிலம் மேலே ஏறி நெஞ்சு எரிகிறது. பிள்ளைக்கு நிறையத் தலைமயிர் என்று ஊரில் சொல்வார்கள், சிரித்துவிட்டு விடுங்கள்.

குளிசை ஒத்துவரவில்லை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள், வேறு வகை தருவார்கள். கல்சியக் குளிசையோடு சேர்த்துப் போடாதீர்கள், பிளேன்ரீயும் ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளியே. தண்ணீர் நிறையக் குடியுங்கள், வெள்ளை மாப் பிட்டைக் குறைத்துக் குரக்கன், முருங்கையிலை, வல்லாரை என்று மாறுங்கள். பப்பாசிப்பழத்தைக் கண்டாலே பதறுகிறவர்கள் உண்டு, தவிர்க்க வேண்டியது காயைத்தான், நன்றாகப் பழுத்தது நல்லது. இரவு உறைப்புக் கறியோடு சாப்பிட்டவுடன் படுக்காமல் இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டு, தலையை உயர்த்தி, இடப்பக்கம் சரிந்து படுங்கள். சத்தி நிற்காமல் தண்ணீர்கூடத் தங்கவில்லை, அல்லது மேல்வயிற்று நோவோடு தலையிடியும் கண் மங்கலும் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: ஏழாம் மாதம். இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்க முடியாத கடி, தோலில் ஒன்றுமில்லை. வெயில் சூடா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: வெயில் என்று விட்டுவிடாதீர்கள். சில பிள்ளைத்தாச்சிகளுக்குக் கல்லீரலில் இருந்து பித்தநீர் சரியாக வடியாமல் இரத்தத்தில் சேரும், அப்போதும் இப்படித்தான் கடிக்கும். அது குழந்தையையும் பாதிக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் நாளைக்கே போய்ச் சொல்லுங்கள்.