கத்திக்குத்து பற்றிய குறும்படத்தின் திரைநுட்பங்களை எப்படி ஆராய்வது?

கேள்வி: இங்கே சிங்கப்பூரில் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகவியல் படிக்கிறேன். லண்டனில் எடுக்கப்பட்ட பத்து நிமிடக் குறும்படம் ஒன்றைக் கொடுத்து, அதன் திரைநுட்பங்களை ஆராய்ந்து கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இளையர்களின் கத்திக் குற்றம்தான் கதை. ஷாட் வகைகளை எல்லாம் படித்துவிட்டேன். பட்டியல் போட முடிகிறது, அதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. படத்தைக் குறை சொல்லலாமா என்றும் தெரியவில்லை. அடுத்த மாதம் இதே பொருளில் நாங்களே ஒரு நிமிடப் படமும் எடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்:

கத்தியிலிருந்து தொடங்குங்கள், தம்பி. பத்து நிமிடத்தில் அது எத்தனை விநாடி கண்ணில் படுகிறது, யார் கையில் இருக்கிறது, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு நெருக்கத்தில் என்பதை மட்டும் முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஷாட் பட்டியலை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். கத்தியைப் பற்றிய படம் ஒன்று தன் கத்தியை எப்படி நடத்துகிறது என்பது தெரிந்துவிட்டால், மற்ற நுட்பங்கள் எதற்காக வந்திருக்கின்றன என்பதும் பிடிபட்டுவிடும்.

நான் தொலைக்காட்சியில் படத்தொகுப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். குறும்படப் போட்டிகளுக்கு வரும் இளையர் படங்களையும் அவ்வப்போது பார்ப்பதுண்டு. வன்முறை வேண்டாம் என்று சொல்ல வரும் படங்களில் பலவும் கத்தியைக் கதாநாயகன் போல அறிமுகப்படுத்துகின்றன. இருட்டு, பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு விளக்கு, பளபளக்கும் விளிம்பு, உறையிலிருந்து உருவும்போது ‘ஷிங்’ என்று ஓர் ஓசை. (தோலுறையிலிருந்து உருவப்படும் கத்தி அப்படிச் சத்தமே போடாது. அது ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்த ஓசை.) வசனம் கத்தியை எடுக்காதே என்கிறது, ஒளிப்பதிவு அதை வாங்கச் சொல்லி விளம்பரம் செய்கிறது.

நீங்கள் கொடுத்த இணைப்பில் படத்தைப் பார்த்தேன். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை: பள்ளி மாணவன் ஒருவன் காலையில் வீட்டுச் சமையலறையிலிருந்து கத்தியை எடுத்துப் பையில் வைத்துக்கொள்கிறான். இரட்டை மாடிப் பஸ்ஸில் இன்னொரு பையனைப் பார்க்கிறான். மாலையில் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் இருவரும் எதிர்ப்படுகிறார்கள். குத்து நம் கண்ணுக்குக் காட்டப்படவில்லை.

சமையலறைக் காட்சிதான் படத்தின் உயிர். அம்மா நமக்கு முதுகைக் காட்டியபடி ஏதோ நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கழுவி வைத்த தட்டுகளுக்கு நடுவே சிறிய கத்தி ஒன்று நுனி கீழே இருக்கும்படி செருகியிருக்கிறது. பையன் அதை எடுக்கிறான், ஈரமாக இருக்கிறது, அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கும் துண்டால் துடைக்கிறான். கேமரா அவன் முகத்துக்குப் போகவில்லை. துண்டிலேயே நிற்கிறது. ஜன்னல் வழியாக வரும் சாதாரணக் காலை வெளிச்சம் தவிர வேறு விளக்கு இல்லை, கத்தியில் ஒரு மினுமினுப்பும் இல்லை. பிறகு பையின் ஜிப் மூடும் சத்தம். அம்மா திரும்பிப் பார்க்காமலே “சாப்பிட்டாயா?” என்கிறாள். இத்தனையும் வெட்டே (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது) இல்லாமல் ஒரே ஷாட்டில் நடக்கிறது.

இங்கே கத்தியின் தேர்வே ஒரு நுட்பம். இங்கிலாந்து, வேல்ஸ் கொலை வழக்குகளில் எந்த வகைக் கத்தி என்று தெரிந்தவற்றில் அதிகம் வருவது சமையலறைக் கத்திதான். நடிகர் இட்ரிஸ் எல்பா 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில், வீட்டுக் கத்திகளின் கூர் நுனியை நீக்கினால் என்ன என்று கேட்டதற்கும் அதுவே காரணம். அச்சமூட்டும் வடிவமுடைய ‘ஸாம்பி’ வகைக் கத்திகளை அங்கே 2024 செப்டம்பரில் தடை செய்தார்கள். அப்படி ஒன்றைப் பையன் கையில் கொடுத்திருந்தால் படம் பார்ப்பவர் ‘இது வேறு யாரோ வீட்டுப் பிள்ளை’ என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். தட்டுகளோடு கழுவி வைத்த கத்தி அந்த நிம்மதியைக் கொடுப்பதில்லை. பிரிட்டிஷ் திரைப்பட வகைப்பாட்டு வாரியமும் சிறுவர்கள் பார்க்கக்கூடிய படங்களில் கத்தி போல எளிதில் கிடைக்கும் ஆயுதங்களைக் கவர்ச்சியாகக் காட்டக் கூடாது என்று வைத்திருக்கிறது. இயக்குநர் வாரியத்துக்குப் பயந்து அப்படி எடுத்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் கட்டுரையில் இதைக் குறிப்பிட்டால், கத்தியை எப்படிக் காட்டுவது என்பது ரசனைக்கு அப்பாலும் போகிற கேள்வி என்பது விளங்கும்.

அடுத்து, பார்வை. பஸ்ஸின் கீழ்த்தளத்தில் நம் பையன் நிற்கிறான். மேல்தளத்தைக் காட்டும் சிறிய கண்காணிப்புத் திரை அவன் தலைக்கு மேலே இருக்கிறது. (நம்முடைய இரட்டை மாடிப் பஸ்களிலும் இப்படித் திரை உண்டு.) அதில் இன்னொரு பையன் நேராக நம்மையே பார்ப்பது போலத் தெரிகிறது. வெட்டு. நம் பையனின் முகம், தாடை இறுகுகிறது. வெட்டு. மறுபடி திரை. இப்போது யோசித்துப் பாருங்கள்: மேலே இருப்பவன் பார்ப்பது ஒரு கேமராவை. கீழே இப்படி ஒருவன் நிற்பதே அவனுக்குத் தெரியாது. ‘என்னை முறைக்கிறான்’ என்ற எண்ணம் முழுவதும் படத்தொகுப்பில் உருவாகிறது, அந்தப் பையனின் தலைக்குள்ளும் அதே விதமாகத்தான் உருவாகியிருக்கிறது. ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டினால் பார்ப்பவர் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைப் படித்துக்கொள்வார் என்று ரஷ்ய இயக்குநர் லெவ் குலேஷோவ் நூறாண்டுக்கு முன்பே செய்து காட்டியது உங்கள் பாடத்தில் வந்திருக்கும். அது இங்கே கதையாகவே மாறியிருக்கிறது.

சிங்கப்பூரில் இருந்து எழுதும் உங்களுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. நம் நாளிதழ்களின் நீதிமன்றச் செய்திகளில் ‘முறைத்துப் பார்த்ததால் கைகலப்பு’ என்ற வரி எத்தனை முறை வந்திருக்கிறது! 2010 அக்டோபரில் பாசிர் ரிஸ்ஸில் 19 வயது மாணவர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்ட சம்பவமும் முறைத்துப் பார்த்ததில் தொடங்கியதாகவே செய்தி வந்தது. லண்டன் படத்தை நம் ஊர்க் கண்ணோடு பார்க்கிறேன் என்று ஒரு பத்தி எழுதினால் ஆசிரியர் தடுக்கமாட்டார்.

படிக்கட்டுக் காட்சியில் அந்தப் பார்வைகள் குழம்புகின்றன. 180 பாகை விதி தெரியும்தானே? இருவர் எதிரெதிரே நின்றால் அவர்களை இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கு ஒரு பக்கமாகவே கேமரா இருக்க வேண்டும், அப்போதுதான் ஒருவர் வலப்பக்கமும் மற்றவர் இடப்பக்கமும் பார்ப்பதாகத் திரையில் தெரியும். பஸ் காட்சி வரை ஒழுங்காக இருந்த இயக்குநர் படிக்கட்டில் வேண்டுமென்றே அந்தக் கோட்டைத் தாண்டுகிறார். இருவரும் திரையில் ஒரே திசையைப் பார்க்கிறார்கள். இருவரும் கறுப்பு மேலங்கி அணிந்திருப்பதால், யார் யாரைத் துரத்தி வந்தார் என்பதே ஒரு கணம் தெரியவில்லை. தவறாக எடுத்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். இரண்டாம் முறை ஓடவிட்டபோது விளங்கியது. ஷட்டரையும் (கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை) குறுக்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது. விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடும் படத்தில் ஒவ்வொரு சட்டகமும் வழக்கமாக நாற்பத்தெட்டில் ஒரு விநாடி ஒளியை வாங்கும். அந்த நேரத்தைக் குறைத்தால் அசைவின் மங்கல் போய்விடும், கையும் காலும் வெட்டி வெட்டி நகர்வது போலத் தெரியும். படிக்கட்டில் தெரிகிற பதற்றத்தில் பாதி இதிலிருந்து வருகிறது, நடிப்பிலிருந்து வருவது மிச்சம்தான்.

அப்புறம் கேமரா கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. காலணி தரையில் உராயும் ஒலி, ஜிப், ஒரு மூச்சு. யாரும் அசையாததால் படிக்கட்டின் தானியங்கி விளக்கு அணைகிறது. அவ்வளவுதான். இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) குளியலறைக் காட்சியை இதோடு ஒப்பிடச் சொல்வார்கள், ஒப்பிடுங்கள். அங்கே கத்தி உடலைத் துளைக்கும் ஓசைக்கு முலாம்பழத்தைக் குத்தினார்கள், கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு போதுமாக இருந்தது, இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் அலறின. ஹிட்ச்காக் முதலில் அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். உங்கள் படம் அவர் கைவிட்ட அந்த வழியில் போயிருக்கிறது என்று எழுதலாம்.

குறை சொல்லலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் சொல்லுங்கள். விளக்கு அணைந்ததும் படம் முடிந்துவிட்டது. அது தெரியாமல் இன்னும் ஒன்றரை நிமிடம் இழுக்கிறார்கள். அம்மா மெதுவேகத்தில் ஓடி வருகிறாள், பின்னணியில் பியானோ, கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அறிவுரை. சமையலறையில் அவ்வளவு அடக்கமாக இருந்தவர்களுக்கு இங்கே பார்வையாளர் மேல் நம்பிக்கை போய்விட்டது. இப்படி நேராக எழுதுங்கள், காரணத்தோடு எழுதுங்கள்.

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. குத்துபவன், குத்துப்படுபவன் இருவருமே கறுப்பினப் பையன்கள், தலைமூடியுள்ள மேலங்கி, ஏழைக் குடியிருப்பு. 2019-இல் பிரிட்டனின் உள்துறை அமைச்சு கத்திக்கு எதிரான வாசகங்களை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பொரித்த கோழிப் பெட்டிகளில் அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பியபோது, கறுப்பின இளையரை மனத்தில் வைத்துத்தானே இது என்று கடும் கண்டனம் எழுந்தது. நடிகர் தேர்வும் உடையும் இடமும் நுட்பங்கள்தான், அவற்றையும் கேள்வி கேளுங்கள். இங்கே குண்டர் கும்பல் வேடம் என்றதும் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதை நாம் பார்க்காதவர்களா என்ன?

எழுதும் முறைக்கு ஓர் உதாரணம் போதும். “இயக்குநர் அண்மைக் காட்சியை (குளோசப்) பயன்படுத்திப் பதற்றத்தை உருவாக்கியுள்ளார்.” இந்த வரியை உலகத்தில் எந்தப் படத்துக்கும் ஒட்டிவிடலாம், ஆகவே எந்தப் படத்துக்கும் பயனில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: “பையன் கத்தியைத் துடைக்கும்போது கேமரா முகத்துக்கு ஏறாமல் துண்டிலேயே நிற்பதால், வீட்டு வேலையில் உதவும் பிள்ளையாகவே அவனைப் பார்க்கிறோம். திரும்பாமல் பேசும் அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.” ஷாட்டின் பெயரை வேண்டுமானால் இடையில் செருகிக்கொள்ளுங்கள். எழுதும் முன் படத்தை ஒரு முறை ஒலியை நிறுத்திவிட்டும், ஒரு முறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டும் பாருங்கள். வெட்டுகளை நிமிடம் நிமிடமாக எண்ணினால் எங்கே வேகம் மாறுகிறது என்பது கண்முன் வந்துவிடும்.

உங்கள் ஒரு நிமிடப் படத்துக்கு ஓர் எச்சரிக்கை. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுப்பதென்றால் நகர மன்றத்திடம் முன்கூட்டியே கேளுங்கள், ஆயுதம் போன்ற எதையும் பொது இடத்தில் காட்டுவதாக இருந்தால் கல்லூரி வழியாகக் காவல்துறைக்கும் சொல்லிவிடுங்கள். உண்மைக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் ஏறவே வேண்டாம். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் இங்கே சிறையோடு பிரம்படியும் உண்டு, “படப்பிடிப்புக்குத்தான் சார்” என்று அங்கே நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கத்தியே திரையில் வராமல் அந்த ஒரு நிமிடத்தை எடுக்க முடியுமா என்று முதலில் குழுவோடு உட்கார்ந்து பேசுங்கள், முடிந்தால் அனுமதித் தலைவலியில் பாதி குறையும்.