18 வயதுக்காரரின் முகவரி எது?

கேள்வி: வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க செல்போனே போதும். ஒரு முகவரிச் சான்றை இணைத்தால் வேலை முடிந்தது. அதைக்கூடச் செய்யாத அக்கறையற்ற பிள்ளைகளுக்காக இன்னும் என்னத்தை எளிமையாக்குவது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ‘ஒரு முகவரிச் சான்று’ என்று ஒரே மூச்சில் கடந்துவிட்டீர்கள். பல பிள்ளைகள் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

18, 19 வயதில் யாருக்கு ஐயா நிலையான முகவரி இருக்கிறது? கரன்ட் பில் வீட்டுக்காரர் பெயரில், கேஸ் இணைப்பு அப்பா பெயரில். ஆதாரில் இருப்பது சொந்த ஊர் முகவரி. படிப்பதோ வேலை பார்ப்பதோ கோவையில், ஓசூரில், ஸ்ரீபெரும்புதூரில். புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-இன் சான்றுப் பட்டியலில் வாடகைதாரருக்கென்று இருப்பது பதிவு செய்த வாடகை ஒப்பந்தம். மேல்மாடி அறைக்குக் குடிவந்த 19 வயதுப் பெண்ணுக்காக எந்த வீட்டு உரிமையாளர் சார்பதிவாளர் அலுவலகம் வரை வருகிறார்? 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதி வாங்கிப் பீரோவில் வைப்பதோடு சரி. நகல்கூடத் தருவதில்லை. இதை நான் முன்பு எழுதியபோது கோபித்துக் கடிதம் போட்ட வீட்டுக்காரர்கள் உண்டு. அவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: குடியிருப்பவர் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறுவதால் உங்கள் வீட்டில் அவருக்கு எந்த உரிமையும் வந்துவிடாது.

சட்டம் இவ்வளவு கறாரானதும் அல்ல. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தொகுதியில் சாதாரணமாக வசித்தால் போதும். வீடு சொந்தமாக இருப்பது மட்டுமே அங்கே வசிப்பதற்கு ஆதாரமாகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நடைபாதையில் உறங்குபவரிடம் தேர்தல் ஆணையம் முகவரிக்கென்று காகிதம் எதுவும் கேட்பதில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் போய், அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்த்துப் பெயரைச் சேர்க்க வேண்டும். ஆணையத்தின் அறிவுறுத்தல்களில் நான் மிக மதிப்பது இதைத்தான். நடைபாதைக்கு இரவில் போகச் சொல்லும் ஆணையம், பெண்கள் விடுதிக்கும் தொழிற்சாலை விடுதிக்கும் பகலில் ஆள் அனுப்பலாமே! விடுதி மாணவர் அந்த முகவரியிலோ ஊரிலோ, ஏதாவது ஓரிடத்தில் பதிந்துகொள்ளலாம் என்பதுகூடப் பல கல்லூரிகளில் யாரும் சொல்வதில்லை.

அப்புறம் அந்த ‘அக்கறையற்ற’. 1951-52 முதல் பொதுத்தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பெரும்பாலும் வட மாநிலங்களில். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் எழுதவைத்தார்கள். வெளியாளிடம் தன் பெயரைச் சொல்வது அவர்கள் வீட்டு வழக்கமில்லை. பெயரில்லாமல் எப்படிச் சேர்ப்பது என்றார் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். அவர் கேட்டது சரிதான். ஆனால் அந்த 28 லட்சம் பேரையும் அக்கறையற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பட்டியல் ஒன்றைக் கேட்டது, அவர்கள் வாழ்க்கை வேறாக இருந்தது. இன்றைக்கும் நம் பிள்ளைகள் இனிஷியல் ஆதாரில் முன்னாலும் மதிப்பெண் பட்டியலில் பின்னாலும் இருப்பதால் திண்டாடுகிறார்கள். குடும்பப்பெயர்க் கட்டத்தில் தமிழ்ப் பிள்ளை என்ன எழுதுவது என்று நான் எத்தனையோ முறை கேட்டாயிற்று.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். 1989-இல் வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆனது. ஆனாலும் 18 முடிந்ததா என்று பார்க்கும் தகுதி நாளாக ஜனவரி 1 ஒன்றுதான் இருந்தது. ஜனவரி 2-இல் பிறந்தவர் ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதிகளும் தகுதி நாட்கள். 17 முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூ படிப்பவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுக்காரர்கள். பிறந்த தேதி பள்ளியிடமே இருக்கிறது. தேர்வுக்கு முன் ஒவ்வொரு பள்ளியிலும் படிவம் 6-ஐப் பூர்த்தி செய்து வாங்குவதைத் தலைமையாசிரியரின் கடமையாக ஆக்குங்கள். பிறகு ஊர் மாறினால் படிவம் 8 இருக்கிறது.

உங்கள் வீட்டு மாடியிலும் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகள் யாராவது குடியிருக்கலாம். இருந்தால் ஒப்பந்த நகலை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அலுவலர் வந்து விசாரித்தால், ‘ஆமாம், இங்கேதான் இருக்கிறார்’ என்று வாய் திறந்து சொல்லுங்கள்.