ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள், எனக்கு ஐந்தாம் மாதம்

கேள்வி: சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்றரை ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கர்ப்பமாக இருப்பதை மேலாளருக்கு மின்னஞ்சலில் தெரிவித்த சில வாரங்களிலேயே, ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் இருப்பதாக எச்.ஆர். பிரிவில் அழைத்துச் சொன்னார்கள். நானாக ராஜினாமா கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் தருவார்களாம். மறுத்தால் பணிநீக்கம் என்று பதிவாகிவிடும், பிறகு எங்கும் வேலை கிடைக்காது என்கிறார்கள். அவசரப்பட்டு ஆபீசில் சொன்னதுதான் தவறு என்று மாமியார் வருந்துகிறார். வீட்டுக் கடன் தவணை வேறு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: போடாதீர்கள். உங்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு முழுவதும், நீங்களாக விலகினீர்களா, நிறுவனம் உங்களை விலக்கியதா என்ற ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது. உங்களிடம் ராஜினாமா கேட்கப்படுவதும் அதனால்தான்.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்களுக்கு வேண்டிய விதிகள் அதிலும் அப்படியே தொடர்கின்றன. பிரசவம் எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள்களாவது ஒரு நிறுவனத்தில் பணிபுரிந்த பெண்ணுக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரங்கள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. கர்ப்ப காலத்தில் எந்த நிலையில் அவரை வேலையிலிருந்து நீக்கினாலும், அந்த நீக்கத்தைக் காரணமாகக் காட்டி இந்தத் தொகையை மறுக்க முடியாது. திருட்டு, மோசடி, தாக்குதல் போன்ற கடுமையான ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டிருந்தால் மட்டுமே, எழுத்துமூலமான உத்தரவின் வழியாக அதை மறுக்கலாம். வேலைத்திறன் போதவில்லை என்பது அந்த வகையில் சேராது. விடுப்பில் சென்ற பிறகு நீக்குவதோ, விடுப்புக் காலத்தில் முடிவடையும்படி முன்னறிவிப்புத் தருவதோ சட்டவிரோதம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஐந்தாம் மாதத்தில் இருக்கும் நீங்கள் அந்த 80 நாள்களை எப்போதோ கடந்துவிட்டீர்கள். ஆகவே, ஏறக்குறைய ஆறு மாதச் சம்பளத்துக்கான உரிமையைக் கைவிடுவதற்கு விலையாகத்தான் இரண்டு மாதச் சம்பளம் உங்கள் முன் வைக்கப்படுகிறது. குழந்தை பிறக்கவிருக்கும் ஒரு வீட்டிடம் இப்படிப் பேரம் பேசுவது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் பிரிவு முழுவதும் மூடப்பட்டு எல்லோரும் அனுப்பப்பட்டிருந்தால், கர்ப்பத்தின் காரணமாகவே நீக்கினார்கள் என்று நிறுவுவது கடினமாகலாம், வேலை திரும்பக் கிடைக்காமலும் போகலாம். அப்போதும் மகப்பேற்றுத் தொகை உங்களுக்குரியதே. உங்களை மட்டும், அல்லது உங்களோடு வெகு சிலரை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் உங்கள் தரப்பு வலுவானது. 2015 ஜனவரியில், சென்னையில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் ஆட்குறைப்பின்போது கர்ப்பிணி ஊழியர் ஒருவரையும் நீக்கியபோது, அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடி இடைக்காலத் தடை பெற்றார், நிறுவனமும் பிறகு பணிநீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றது.

உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள், நீங்கள் செய்தது தவறே அன்று. நிறுவனத்துக்கு முன்பே தெரியும் என்பதற்குத் தேதியுடன் இருக்கும் ஒரே சான்று அந்த மின்னஞ்சல்தான். அதையும், நியமன உத்தரவு, சம்பளச் சீட்டுகள், மருத்துவரின் சான்று ஆகியவற்றையும் அலுவலகக் கணினிக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள். பிறகு எச்.ஆர். பிரிவுக்கு, "எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. நீக்குவதானால் காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் உத்தரவு தாருங்கள்" என்று இரண்டே வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். பல இடங்களில் பேச்சின் தொனி அதற்குப் பிறகுதான் மாறுகிறது. ஆட்குறைப்பு உங்கள் நடத்தையின் மீதான கறை அன்று, அதற்காக வேறு எங்கும் வேலை கிடைக்காது என்பது வெறும் மிரட்டல்.

உத்தரவு வந்தால், அது கைக்குக் கிடைத்த 60 நாள்களுக்குள் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். வழக்கறிஞர் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

நிறுவனத்தின் குழுக் காப்பீட்டையும் மறந்துவிடாதீர்கள். வேலையை விட்ட நாளோடு அது பெரும்பாலும் நின்றுவிடும், இப்போது புதிதாகத் தனிக் காப்பீடு எடுத்தாலும் காத்திருப்புக் காலம் காரணமாக இந்தப் பிரசவத்துக்கு அது உதவாது. சமரசப் பேச்சு வந்தால், 26 வாரச் சம்பளத்துடன் பிரசவம் வரையிலான காப்பீட்டையும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஓராண்டு ஒப்பந்தத்தில் லேப் டெக்னீசியனாக இருக்கும் என் தங்கைக்கு, பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க மாட்டோம் என்கிறார்கள். அவளுக்கு ஏதும் கிடைக்காதா?
வாசகர், பொள்ளாச்சி

பதில்: கிடைக்கும். டெல்லியில் ஒப்பந்தப் பணியில் இருந்த ஒரு மருத்துவர் 2017 ஜூன் 1 முதல் விடுப்புக் கேட்டார், அவருடைய ஒப்பந்தமோ ஜூன் 11ஆம் தேதி முடிந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகான நாள்களுக்கும் மகப்பேற்றுப் பயன் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரசவத்துக்கு 8 வாரங்கள் முன்பிருந்தே விடுப்பு எடுக்கலாம் என்பதால், ஒப்பந்தம் முடியும் முன்பே விடுப்பு தொடங்கும்படி எழுத்துமூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், தொகையை மருத்துவமனையிடம் கேட்க வேண்டியதில்லை, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகமே வழங்கும்.