டிஸ்டார்ஷன் கிட்டார் ரெக்கார்டிங்: வடசென்னை பேண்டுகளுக்குக் கேள்வி பதில்

வியாசர்பாடி பேண்ட்: அண்ணா, பிராக்டிஸ்ல சுவரே அதிருது. ரெக்கார்டு பண்ணா ஈ மொய்க்கிற மாதிரி கேக்குது. கெயினை (ஒலியைக் கரகரப்பாக்குற நாபை) இன்னும் ஏத்தணுமா?

இறக்குங்க தம்பி. டிஸ்டார்ஷன், அதாவது அந்தக் கரகரப்பு, ஏற ஏற ஒலியோட ஏற்ற இறக்கம் அமுங்கும், பிக் ஸ்ட்ரிங்ல படுற அடி காணாமப் போகும். ஒத்திகையில வைக்கிற கெயினை மூணுல ஒரு பங்கு குறைங்க. அந்தக் கனத்தை ரெண்டு டேக்ல (தனித்தனிப் பதிவுல) எடுங்க: அதே ரிஃபை (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரியை) ரெண்டு தடவை வாசிச்சு, ஒண்ணு முழு இடது, இன்னொண்ணு முழு வலது. ஒரே டேக்கைக் காப்பி பண்ணிப் போட்டா அகலம் வராது, சத்தம் மட்டும் ஏறும். காப்பியைக் கொஞ்சம் தள்ளி வெச்சா, ஒத்த ஸ்பீக்கர் போன்ல குழாய்க்குள்ள பாடுற மாதிரி ஆகிடும். ரெண்டு டேக்கும் ஒண்ணா நிக்கணும். ரிஃப் நிக்கிற இடத்துல ஒரு கை முன்னாடி, ஒரு கை பின்னாடி நின்னா மிக்ஸிங்கால காப்பாத்த முடியாது.

பெரம்பூர்: ஷூர் எஸ்எம்57 மைக் ஒண்ணுதான் இருக்கு. எங்கே வைக்கலாம்?

அது போதும். டார்ச் அடிச்சு ஆம்ப் கிரில்லுக்குப் பின்னால ஸ்பீக்கரைப் பாருங்க. நடுவுல இருக்கிற வட்ட மூடி, காகிதக் கூம்போட சேர்ற விளிம்புக்கு நேரா, கிரில்லுலேர்ந்து 2, 3 செ.மீ. தள்ளி வைங்க. நடுவுக்கு நகர்த்தினா கூர்மை கூடும், வெளியே நகர்த்தினா மங்கும். ஒருத்தர் வாசிக்கட்டும், இன்னொருத்தர் ஹெட்போன் மாட்டிக்கிட்டு 1 செ.மீ., 1 செ.மீ.யா நகர்த்தட்டும். ஈக்யூவால (ஒலியோட ஒவ்வொரு பகுதியையும் கூட்டிக் குறைக்கிற கருவி) சரி பண்ண முடியாத பல விஷயம் இந்த அரை மணி நேரத்துல சரியாகும்.

ராயபுரம்: பழைய வீடு. கிட்டாரைச் செருகினாலே உர்ர்னு இரையுது.

நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்த இரைச்சல் 50, 100, 150னு அடுக்கடுக்கா வரும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரையும் டியூப்லைட்டையும் அணைங்க. லேப்டாப் சார்ஜரைக் கழட்டி பேட்டரில ஓட்டுங்க. உக்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்புங்க. ஒரு கோணத்துல இரைச்சல் குறையும், சிங்கிள் காயில் பிக்கப் (ஒத்தைக் காந்தச் சுருள்) இருக்கிற கிட்டார்ல நல்லாவே தெரியும். ஆனா எர்த் பின்னை மட்டும் உடைச்சிடாதீங்க, ஷாக் அடிச்சா உயிரே போகும். எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வெச்சுப் பாருங்க.

தண்டையார்பேட்டை: ஆம்ப் வெச்சா பக்கத்து வீட்ல சண்டைக்கு வர்றாங்க.

கிட்டாரைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற இன்டர்ஃபேஸ்ல இன்ஸ்ட்ருமென்ட் ஸ்விட்சைப் போட்டு நேரா எடுங்க, உச்சம் −12 டிபி கிட்ட நிக்கட்டும். ஆம்ப் சிமுலேட்டரும் (ஆம்ப் மாதிரி ஒலிக்க வைக்கிற சாஃப்ட்வேர்) கேபினெட் ஐஆரும் (ஸ்பீக்கர் பெட்டியோட ஒலியைத் தர்ற ஃபைல்) அப்புறம் போடலாம். பெடல்ல கேபினெட் ஆன்ல இருந்தா அணைங்க. ரெண்டு கேபினெட் சேர்ந்தா பெட்டிக்குள்ள அடைச்ச சத்தம்தான் வரும்.

புளியந்தோப்பு: கானா பாட்டுக்கு மெட்டல் கிட்டார் சேர்க்கிறோம். பறையும் சட்டியும் கிட்டார்ல முழுகிடுது.

நல்ல முயற்சி. இங்கே அடிதான் முன்னாடி நிக்கணும், கிட்டார் அதுக்கு வழி விடணும். 80–100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டாரை வெட்டுங்க. டிராப் டி-யில (கீழ் ஸ்ட்ரிங்கை மட்டும் இறக்கி ட்யூன் பண்றது) கீழ் ஸ்ட்ரிங்கே 73 ஹெர்ட்ஸ்தானேன்னு கேப்பீங்க. அந்த அடித்தளத்தை பேஸ் கிட்டார் தாங்கும். பேஸோட சேர்த்துக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும், கிட்டாரைத் தனியா சோலோ போட்டுக் கேட்டா ஒல்லியாத்தான் இருக்கும். பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால ஸ்ட்ரிங்கை அமுக்கி வாசிக்கிறது) பண்றப்போ 120–250 ஹெர்ட்ஸ் பொங்கும். அந்தப் பட்டைக்கு மட்டும் மல்டிபேண்ட் கம்ப்ரஸர் (குறிப்பிட்ட பட்டையில சத்தம் ஏறினா அமுக்குற கருவி) போட்டு, மியூட் விழும்போது 3, 4 டிபி அமுக்கட்டும். மேலே 10 கிலோஹெர்ட்ஸுக்கு அப்புறம் வெறும் இரைச்சல், வெட்டிடலாம். 3–5 கிலோஹெர்ட்ஸ்ல விசில் மாதிரி குத்துற இடத்தைக் குறுகலான ஈக்யூவால தேடிக் குறைங்க. குச்சி தோல்ல படுற சத்தத்துக்கும் அங்கே இடம் கிடைக்கும். ஆம்ப்ல மிட் (நடு ஒலி) நாபைப் பூஜ்யத்துக்குத் திருப்பாதீங்க. தனியா வாசிக்கிறப்போ மிரட்டும், பேண்டோட சேர்ந்தா கிட்டாரே இருக்காது.

காசிமேடு: ஸ்ட்ரிங் மாசம் தாங்க மாட்டேங்குது.

கடல் காத்து, வேற வழியில்லை. வாசிச்சதும் உலர்ந்த துணியால துடைச்சு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட உறையில போடுங்க. ரெக்கார்டிங்குக்கு முந்தின நாள் புது செட் மாட்டி, இழுத்து விட்டு, 12-ஆம் ஃப்ரெட்ல இன்டொனேஷன் (அங்கே அழுத்தினாலும் ஸ்ருதி சரியா இருக்கான்னு) பாருங்க. டிஸ்டார்ஷன்ல சின்ன ஸ்ருதி பிசகும் பெருசா கேக்கும், அதனால ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி ட்யூன் பண்ணுங்க.