கடன் வாங்கிப் பெரிய கல்லூரியில் சேரலாமா?

கேள்வி: பட்டதாரிகள் மற்றவர்களைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள், பெயர்பெற்ற கல்லூரியில் படித்தவர்கள் இன்னும் அதிகம். புள்ளிவிவரமே இப்படிச் சொல்லும்போது, கல்விக் கடன் என்றாலே நீங்கள் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?

பதில்: சரி, புள்ளிவிவரத்திலிருந்தே தொடங்குவோம். பெயர்பெற்ற கல்லூரி யாரைச் சேர்த்துக்கொள்கிறது? ஏற்கெனவே முன்வரிசையில் நிற்கும் பிள்ளைகளை. அவர்கள் எங்கே படித்திருந்தாலும் நன்றாகத்தானே சம்பாதித்திருப்பார்கள் என்ற சந்தேகம் உங்களுக்கு வரவில்லை. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களுக்கு வந்தது. ஒரே தரத்துக் கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டார்கள். சிலர் பெரிய கல்லூரிக்குப் போனவர்கள். சிலர் அங்கே இடம் கிடைத்தும் அவ்வளவு பெயரில்லாத கல்லூரிக்குப் போனவர்கள். 2002-இல் வெளியான முடிவு: பல வருடம் கழித்து இரு தரப்பின் சம்பளத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. பந்தயத்தில் ஓடியது குதிரை. கோப்பையைத் தூக்கிக் காட்டியது லாயம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரியால் பலன் இருந்தது. என் வாதத்துக்கு இது இடைஞ்சல்தான். ஆனால் கடன் வாங்க நேர்வது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் என்பதால் மறைக்க மனம் வரவில்லை.

அப்புறம், பட்டதாரிகள் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று நீங்கள் சொன்ன அந்தச் சராசரி. அதில் டாக்டரும் இருக்கிறார், பட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் ஒட்டிக்கொண்டிருப்பவரும் இருக்கிறார். இரண்டாமவரிடம் போய் யாரும் சராசரித் தவணை கேட்பதில்லை, முழுத் தவணைதான். 10 சதவீத வட்டியில் 10 வருடத்தில் அடைக்கும் கடன் என்றால், வாங்கிய ஒவ்வொரு 100-க்கும் சுமார் 159 கட்டியாக வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. ஆஸ்திரேலியா 1989-இல் கொண்டுவந்த முறையில், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். உங்களுக்குக் கடன் தருபவருக்கு அந்தப் பொறுமை உண்டா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் காட்டும் கணக்கில் ஒருவர் வருவதே இல்லை: கடன் வாங்கிச் சேர்ந்து, பாதியில் படிப்பை விட்டவர். அவருடைய கடன் சிறியதாக இருக்கலாம், ஆனால் அதை அடைக்கப் பட்டம் இல்லை. அமெரிக்காவில் படிப்பை முடித்தவர்களைவிட, முடிக்காதவர்களே அதிகமாகக் கடனைக் கட்டமுடியாமல் நிற்கிறார்கள்.

கல்லூரி விளம்பரத்தில் வரும் உச்சச் சம்பளம் ஒரே ஒரு மாணவனுடையது. அவனுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, நீங்கள் சேரப்போகும் பிரிவில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், வரிசையில் நடுவில் நிற்கும் மாணவனுக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால், கடன் விண்ணப்பத்தை நிரப்பும் வேலை மிச்சம்.