ஒரே கேமுக்கு ஏன் இத்தனை ஸ்பீட்ரன் சாதனைகள்?

ஸ்பீட்ரன் என்றால் ஒரு வீடியோ கேமை முடிந்தவரை வேகமாக முடிப்பது. சூப்பர் மாரியோ 64-ஐ ஒருவர் ஏழு நிமிடத்துக்குள் முடிக்கிறார், இன்னொருவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, இருவருமே சாதனையாளர்கள் என்றால் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இருவரும் ஓடுவது வேறு வேறு பந்தயம், அவ்வளவுதான். நீளமானதில் கேமில் இருக்கும் 120 நட்சத்திரங்களையும் சேர்க்க வேண்டும். மற்றதில் ஒன்றுகூட வேண்டாம்.

முறைப்படி 70 நட்சத்திரம் இல்லாவிட்டால் கடைசி மாடிப்படி முடிவே இல்லாமல் நீளும். ஆனால் 1996-இல் வந்த இந்த கேமில் வேக வரம்பு முன்னோக்கிப் போவதற்கு மட்டும்தான்! படியில் மாரியோவைப் பின்பக்கமாகத் தாவவிட்டு ஏ பட்டனைப் படபடவென்று தட்டினால், வேகம் ஏறிக்கொண்டே போய் படிக்கட்டைத் தாண்டிவிடுவார். 70 நட்சத்திரம் சேர்த்து முடிக்கும் தனிப் பிரிவில் இந்தத் தில்லுமுல்லுக்குத் தடை.

அப்புறம், டாஸ் (TAS, அதாவது கருவியின் உதவியோடு செய்யும் ஸ்பீட்ரன்) தனி ரகம். மென்பொருளில் ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தி பட்டன்களைப் பதிவுசெய்வார்கள். அதை மனிதர் ஓட்டத்தோடு ஒப்பிடுவதில்லை. பார்க்க எனக்கு 120தான் பிடிக்கும்.